ஸ்கேனில் ‘கட்டி’ என்று வந்தால்: சாப்பாடும் நடையும் எவ்வளவு காரணம், எங்கே தொடங்குவது

மூன்று வருடத்துக்கு முன்னால், குமரி மாவட்டம் தக்கலையில் ஸ்கேன் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டும் கையுமாக பஸ்ஸுக்கு நின்றேன். அப்போது எனக்கு 39 வயது. ‘இன்ட்ராமியூரல் ஃபைப்ராய்டு, 32 x 28 மி.மீ.’ என்று ஒரே ஒரு வரி. ஃபைப்ராய்டு என்றால் கர்ப்பப்பையில் வரும் நார்க்கட்டி. மார்த்தாண்டம் போய்ச் சேருவதற்குள் அதை ஏழெட்டு முறை வாசித்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு மைனி திண்ணையிலேயே பிடித்துக்கொண்டார். “புரோட்டாவும் பொரிச்ச கோழியுமா தின்னா, பின்ன கட்டி வராம இருக்குமா?”

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் தெரியும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி வருவதற்கு நாம் சாப்பிட்டது மட்டுமே காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உடம்பு எடை, ரத்த அழுத்தம், வெயில், நடை இதெல்லாம் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. வந்த கட்டியைச் சாப்பாட்டால் கரைக்க முடியாது. புதிதாக வருவதற்கான வாய்ப்பைக் குறைக்கலாம், வந்ததோடு தெம்பாக வாழலாம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறோம். நானும் ஏமாந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

கையில் இப்படி ஒரு ரிப்போர்ட்டோடு புதிதாக உட்கார்ந்திருப்பவர்களுக்கும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ கட்டி இருந்து ‘நமக்கும் வருமோ’ என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்

நார்க்கட்டி என்பது கர்ப்பப்பையின் தசையிலேயே உருவாகி வளரும் கட்டி. புற்றுநோய் அல்ல, கட்டி என்று நினைத்தது புற்றுநோயாக இருந்துவிடுவது மிக அபூர்வம். அமெரிக்காவில் பெண்களை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வில், 50 வயதுக்குள் வெள்ளைப் பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கும் கட்டி வந்துவிடுகிறது என்று கணக்கிட்டார்கள். அதில் பலருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த்தான் தெரிய வரும்.

ரிப்போர்ட்டில் அளவைவிட இடத்தைப் பாருங்கள். ‘சப்மியூக்கஸ்’ என்று இருந்தால் கட்டி கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது. சின்னதாக இருந்தாலும் ரத்தப்போக்கு அதிகமாகலாம். ‘இன்ட்ராமியூரல்’ என்றால் சுவருக்குள். ‘சப்சீரஸ்’ என்றால் வெளிப்பக்கம். பெரிதானால் மூத்திரப்பையையோ குடலையோ அழுத்தும். அதனால்தான் 2 செ.மீ. கட்டிக்காரர் வெளிறிப்போய்க் கிடப்பார், 6 செ.மீ. கட்டிக்காரர் சந்தைக்குப் போய்ப் பையைச் சுமந்து வருவார்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும்தான் இந்தக் கட்டிக்குத் தீனி. மாதவிலக்கு நின்ற பிறகு தீனி குறையும், கட்டியும் பெரும்பாலும் சுருங்கும். இனி நான் சொல்லப்போவது பலவும் இந்தத் தீனிக் கணக்கில்தான் வந்து நிற்கும்.

மாற்ற முடியாததை ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள்

வயது 35-ஐத் தாண்டியது. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ இருப்பது. சின்ன வயதிலேயே, பத்து பதினொரு வயதிலேயே பெரியமனுஷி ஆனது. பிள்ளை பெறாதது. இந்த நான்கும் வாய்ப்பைக் கூட்டுபவை, நான்கும் நம் கையில் இல்லை. டாக்டரிடம் சொல்வதற்காக மட்டும் எழுதி வையுங்கள். ‘கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதால வந்தது’ என்று யாராவது இழுத்தால் சாயா கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

காலண்டரில் புள்ளி

உடனே தொடங்க வேண்டியது இதுதான், காசும் செலவில்லை. அடுக்களைச் சுவரில் பால் கணக்கும் கேஸ் வந்த தேதியும் குறிக்கிற மாதக் காலண்டர் இருக்கும் அல்லவா, அதிலேயே விலக்கான நாட்களில் ஒரு பேடுக்கு ஒரு புள்ளி வையுங்கள். ரத்தம் கட்டி கட்டியாகப் போனால் புள்ளியைச் சுற்றி வட்டம். இரவில் எழுந்து மாற்றினால் ஒரு கோடு. என்னுடைய காலண்டரில் ஐப்பசி மாதத்து இரண்டாம் நாள் கட்டத்தில் இடமே இல்லாமல் பதினொரு புள்ளி நெருக்கிக்கொண்டு நின்றது. ‘எவ்வளவு போகுது?’ என்று டாக்டர் கேட்டபோது, ‘கொஞ்சம் அதிகந்தான்’ என்று இழுக்காமல் அந்தத் தாளையே கிழித்துக் கொடுத்தேன்.

ஏழு நாளுக்கு மேல் நீண்டால், மணிக்கு ஒரு பேடு வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தால், ரத்தம் பெரிய பெரிய கட்டிகளாகப் போனால், அது ‘நம்ம வீட்டுப் பொண்ணுகளுக்கு இப்படித்தான்’ என்று விட்டுவிடும் விஷயம் அல்ல. பழைய ஆட்கள் இதற்குப் பெரும்பாடு என்று பேர் வைத்தே சொல்லியிருக்கிறார்கள்.

கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம்.

எடை: தையல்காரர் டேப் போதும்

கொழுப்பு வெறுமனே கிடக்கும் சுமை இல்லை. அதில் இருக்கும் ஒரு என்சைம் உடம்பின் வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். எடை கூடும்போது, ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக் கட்டி வைக்கும் ஒரு புரதமும் ரத்தத்தில் குறைகிறது. ஆக, கட்டிக்குத் தீனி இரண்டு வழியில் கூடுகிறது. 1986-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், எடை 10 கிலோ கூடும்போதெல்லாம் கட்டி வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடியதாகப் பார்த்தார்கள்.

நம் ஊர்ப் பெண்களுக்கு அளவு கொஞ்சம் கறார். பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு, 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன் என்பது இந்தியர்களுக்கான கணக்கு. 155 செ.மீ. உயரம் என்றால் 55 கிலோ வரை சரி, 60-ஐத் தாண்டினால் உடல்பருமன். கணக்குப் போட அலுப்பாக இருந்தால் தையல் மெஷின் டிராயரில் கிடக்கும் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எனக்கு 91 இருந்தது. நைட்டியில் தெரியவே தெரியாது.

ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கப் போகாதீர்கள். ஆறு மாதத்தில் இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே நல்லது.

தட்டு

மைனியின் கேள்விக்கு இங்கேதான் வர வேண்டும். 1999-இல் இத்தாலியில் ஓர் ஆய்வு. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் அதிகம் சாப்பிட்டவர்களிடம் கட்டி அதிகமாகவும், பச்சைக் காய்கறியும் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களிடம் குறைவாகவும் இருந்தது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் நடந்த நீண்ட ஆய்வில் பழம், குறிப்பாக ஆரஞ்சு வகைகள், அதிகம் சாப்பிட்டவர்களுக்குச் சற்றுக் குறைவு. பால் சாப்பிட்டவர்களுக்கும் அப்படியே. இதெல்லாம் ‘சேர்ந்து காணப்பட்டது’ என்ற அளவில்தான். இதனால்தான் அது வந்தது என்று நிரூபித்தவை அல்ல. அப்படியும் இந்தப் பட்டியலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மீன், கீரை, பழம். இது மூன்றும் இல்லாத குமரி மாவட்டத்து வீடு ஏது?

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. சாளை வாங்குகிறோம், ஆனால் எண்ணெயில் முக்கிப் பொரிக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் பொரிப்பது என்றால் அதை ஒரு நாளாக்கி, மற்ற இரண்டு நாளும் தேங்காய் குறைத்து அரைத்த குழம்பாகவோ, குடம்புளி போட்டு வற்றிய கறியாகவோ வையுங்கள். சாளை, அயிலை போன்ற கொழுப்பு மீன்களில் வைட்டமின் டி-யும் இருக்கிறது. விலையும் நெய்மீன் அளவுக்கு எகிறாது.

கிழங்கும் மீனும் சாப்பிடக் கூடாதா என்று கேட்பார்கள். சாப்பிடுங்கள், ஆனால் மதியம் சோறும் கிழங்கும் ஒரே தட்டில் வேண்டாம். மரச்சீனிக்கிழங்கு சோற்றுக்குப் பதில்தான், தொட்டுக்கொள்ளும் கறி அல்ல. சம்பா அரிசிச் சோறு ஒரு கப், அதைவிட அதிகமாக அவியலோ பயறுத் துவரனோ முருங்கைக்கீரையோ, நடுவே மீன். இந்த அளவில் தட்டு நிறையட்டும்.

முருங்கைக்கீரையில் இரும்புச் சத்து உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். சாப்பிட்ட கையோடு சாயா குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும். சாயாவில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாலு வேளை, வேளைக்கு இரண்டு ஸ்பூன் சீனி, ஆக எட்டு ஸ்பூன். நான் முதலில் குறைத்தது அதைத்தான். ஒரு வாரம் உலகமே வெறுத்துப் போனது, அப்புறம் பழகிவிட்டது.

பழத்துக்கு ஆப்பிளைத் தேட வேண்டாம். நம் மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதில் இரண்டு, இல்லாவிட்டால் கொய்யா, சாத்துக்குடி, பம்பிளிமாஸ். ஏத்தன்பழத்தைப் பழமாகவே சாப்பிட வேண்டும்; மாவில் முக்கிப் பொரித்தது பழக் கணக்கில் வராது.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் கட்டி என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தக் கோழி வேகமாக வளர்வது ஊசியால் அல்ல, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனத்தால். கோழியைவிட அது பொரியும் எண்ணெயையும் கூட வரும் நாலு புரோட்டாவையும் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். மைனி பாதி சரி, பாதி தப்பு.

கொதிக்கக் கொதிக்க சாம்பாரை பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்குவதையும் விடலாம். பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட் ரசாயனங்களுக்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஒரு தூக்குவாளி கொண்டுபோவது பெரிய வேலையா என்ன?

கருவாடும் ரத்த அழுத்தமும்

இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அமெரிக்க நர்சுகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ரத்த அழுத்தத்தின் கீழ் எண் 10 கூடும்போதெல்லாம் கட்டி வரும் வாய்ப்பு 8 முதல் 10 சதவீதம் கூடியது. ரத்தக்குழாயில் ஏற்படும் அடி கர்ப்பப்பைத் தசையையும் தொடுகிறது என்பது ஓர் ஊகம்.

ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெத்திலிக் கருவாடு, உப்பு மாங்காய், நாரத்தங்காய் ஊறுகாய், ஹோட்டல் சால்னா எல்லாம் ஒரே நாளில் வந்தால் அந்த டீஸ்பூன் எங்கே போகும்? கருவாடு வைக்கிற நாளில் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறப்பதில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம்.

பி.பி. பார்க்க டவுனுக்கு ஓட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது மாமியாரை மட்டும் உட்கார வைக்காமல் நீங்களும் கையை நீட்டுங்கள்.

வெயில்

2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 35 முதல் 49 வயதுப் பெண்களிடம் நடந்தது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைட்டமின் டி 20 நானோகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்குக் கட்டி இருக்கும் வாய்ப்பு 32 சதவீதம் குறைவு. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்கும் குறைவாகவே இருந்தது.

முக்கடலும் வெயிலும் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு எனக்கு வைட்டமின் டி 11 தான். கேட்டால் சிரிப்பார்கள். விடியுமுன் அடுக்களை, எட்டு மணிக்கு ஆபீஸ், பஸ்ஸில் ஷட்டரை இறக்கிவிடுவது, வெளியே வந்தால் குடை. வெயில் எங்கே படும்? காலை ஆறு மணி இளவெயில் உடம்புக்கு நல்லது என்பார்கள், ஆனால் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் அதில் அவ்வளவாக இல்லை. உச்சிக்குப் பக்கமாக, 11 மணிக்கு மேல், முகத்திலும் கையிலும் இருபது நிமிடம், கறுத்த தோல் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பட வேண்டும்.

மொட்டை மாடியில் கொப்பரை காயப்போடுகிறவர்களுக்கு இது தானாகவே நடந்துவிடும். பனம்பாயை விரித்து, தேங்காய் முறியை வெயில் பார்க்கத் திருப்பி வைத்து, காக்கையை விரட்டி, மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ளி, மறுபடி விரித்து... நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலையை அம்மாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

மாத்திரை வேண்டுமா என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லட்டும். 60,000 யூனிட் மாத்திரையைக் கடையில் வாங்கி இஷ்டத்துக்கு விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறித் தொல்லை தரும்.

நடை

வாரம் ஏழு மணி நேரம், அதாவது தினம் ஒரு மணி நேரம் நன்றாக உடம்பை அசைத்தவர்களுக்கு, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக அசைத்தவர்களைவிடக் கட்டி குறைவாக இருந்ததாக ஒரு ஆய்வு. எடுத்த எடுப்பில் ஏழு மணி நேரம் யாருக்கும் முடியாது. வாரம் 150 நிமிடத்தில் தொடங்குங்கள்.

நமக்குச் சிக்கல் மழை. ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். ‘மழை விட்டதும் நடப்போம்’ என்று இருந்தால் வருடத்தில் பாதி போய்விடும். அதனால் மழை நாளுக்கென்று வீட்டுக்குள் ஒரு திட்டம் வையுங்கள். மாடிப்படி இருந்தால் பத்து முறை ஏறி இறங்குவது, இல்லையென்றால் பாட்டுப் போட்டு நடைக்கூடத்திலேயே அரை மணி நேரம். கல்குளம், விளவங்கோடு பக்கம் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறுவதே ஒரு மலை. ஆட்டோவை முக்கில் நிறுத்திவிட்டு அந்த ஏற்றத்தை நடந்தே ஏறுங்கள். ரத்தப்போக்கு அதிகமாக இருக்கும் நாளில், தலை கிறுகிறுக்கும் நாளில் நடக்க வேண்டாம்.

பொடி விற்பவர்கள்

என் கதை இதுதான். ‘மூணு மாசத்துல கட்டி கரையும்’ என்று ஒருவர் சொன்ன பொடியை எட்டு மாதம் வெந்நீரில் கலக்கிக் குடித்தேன். பேரும் இல்லை, லேபிளும் இல்லை. கட்டி 32-லிருந்து 41 மி.மீ. ஆனது. அதைவிட மோசம், அந்த எட்டு மாதமும் ரத்தப்போக்கைக் கண்டுகொள்ளாமல் விட்டதில் ஹீமோகுளோபின் 7.4-க்கு இறங்கிவிட்டது. அடுக்களையில் குடத்தைத் தூக்கினால் கண் இருட்டும்.

ஆனால் அதே பொடியைக் குடித்து இன்னொருவருக்குச் சுருங்கியதே என்பீர்கள். 2008-இல் வெளிவந்த ஆய்வில், பெண்களின் கட்டிகளை எம்.ஆர்.ஐ. எடுத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்தில் வளர்ச்சியின் நடுமதிப்பு 9 சதவீதம். சில கட்டிகள் இரண்டு மடங்குக்கும் மேல் பெருத்தன, சில எந்த மருந்தும் இல்லாமல் தானாகவே சுருங்கின. ஒரே பெண்ணின் உடம்பிலேயே ஒன்று வளர, இன்னொன்று சுருங்கியது. அப்படித் தானாகச் சுருங்கியவர் அந்த நேரத்தில் எதைக் குடித்துக்கொண்டிருந்தாரோ அதற்குப் பேர் கிடைத்துவிடும்.

கிரீன் டீயைப் பற்றி ஒரு சின்னப் பரிசோதனை நம்பிக்கை தந்திருப்பது உண்மை. ஆனால் அது டாக்டர்கள் மேற்பார்வையில் கொடுத்த சாறு மாத்திரை, அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். ஒரு கப் கிரீன் டீ குடிப்பதில் கேடில்லை. அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். நாட்டு வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் நாகர்கோவில் கோட்டாறில் இருக்கும் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரிக்கு ரிப்போர்ட்டோடு போகலாம். லேபிள் இல்லாத பொட்டலம் மட்டும் வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது

ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

தொந்தரவு இல்லாத கட்டிக்கு ஒன்றும் செய்யாமல் கவனித்து வருவதே சிகிச்சைதான். போக்கு அதிகம் என்றால் அதைக் குறைக்கும் மாத்திரை, காப்பர் டி போலவே கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஆனால் ஹார்மோன் உள்ள சாதனம், கட்டியை மட்டும் எடுப்பது, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது, கர்ப்பப்பையையே எடுப்பது என்று வரிசையாக வழிகள் இருக்கின்றன. யாராவது முதல் நாளிலேயே கடைசி வழியைச் சொன்னால், “மற்றதெல்லாம் எனக்கு ஏன் சரிவராது?” என்று கேளுங்கள். சரியான காரணம் இருந்தால் சொல்வார்கள். திருப்தி இல்லையென்றால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ரத்தம் பட்டால், வயிறு திடீரென்று வேகமாகப் பெருத்தால், தாங்க முடியாத வலி வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே போங்கள்.

மறு ஸ்கேன் எப்போது என்பதை டாக்டரிடமே கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். முடிந்தால் முன்பு எடுத்த இடத்திலேயே எடுங்கள், அளக்கும் கை மாறினாலே நாலைந்து மி.மீ. மாறும். பழைய ரிப்போர்ட்டை மறந்துவிடாதீர்கள். என்னுடையது ரேஷன் கார்டு இருக்கும் அதே கவரில்தான் இருக்கிறது, புள்ளி வைத்த காலண்டர் தாள்களோடு.